ஸ்கேனரைத் தெரியாத கம்ப்யூட்டர்

திருநெல்வேலி டவுணில், தேர் ஓடும் வீதி ஒன்றிலிருந்து பிரியும் சந்துக்குள் எங்கள் கடை இருக்கிறது. எங்கள் கடை என்று சொல்லிப் பழகிவிட்டேனே தவிர, அது அண்ணாச்சியின் கடை. நான் அங்கே டைப் அடிப்பவன். வாசலை ஒட்டி என் மேசையும் கம்ப்யூட்டரும். உள்ளே தள்ளி ஜெராக்ஸ் மெஷின். மெஷினைப் பார்த்துக்கொள்வது ஓர் அக்கா. என்னைவிட மூத்தவள். இத்தனை வருடத்தில் நான் அந்த மெஷின் மேல் கை வைத்ததில்லை, அக்கா என் கீபோர்டைத் தொட்டதில்லை. யாரும் சொல்லி வைத்ததல்ல. அப்படியே அமைந்துவிட்டது.

நான் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு டைப்ரைட்டிங் படித்தவன். தமிழில் ஹையர் கிரேடு தேர்வு வரை தேறினேன். ஆட்களோடு பேசுவதென்றால் சிறு வயதிலிருந்தே எனக்கு வராது. சீவலப்பேரியிலிருந்து டவுண் பஸ்ஸில் வரும்போது தெரிந்தவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், என்ன பேசுவது என்ற யோசனையிலேயே இறங்கும் இடம் வந்துவிடும். இந்த வேலை எனக்கு ஒத்துப்போனதற்கு அதுதான் காரணம். காகிதத்தைக் கொடுப்பார்கள், அடித்துக் கொடுப்பேன். மிச்சப் பேச்சையெல்லாம் அக்கா பார்த்துக்கொள்வாள். போன் அடித்தால்கூட நான் டீக்கடைப் பக்கம் போய்விடுவேன்.

அந்த மேசைக்கு ஆபத்து வந்தது ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால். கம்ப்யூட்டரில் இருந்த பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் எதுவும் வராது என்று அறிவிப்பு வந்தது. புது விண்டோஸை ஏற்றலாம் என்று பார்த்தால், இந்தக் கம்ப்யூட்டர் அதற்குத் தகுதியானது அல்ல என்று திரையிலேயே எழுதிக் காட்டியது. எங்கள் மேசைக்கு ஊரில் உள்ள பென் டிரைவ் எல்லாம் வரும். என்னென்ன வைரஸ் கூட வருமோ தெரியாது. பாதுகாப்பில்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது?

அண்ணாச்சி கேட்டுவிட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டினார். டைப் அடிக்கும் வேலை குறைந்துகொண்டு வருவது அவருக்கும் தெரியும். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு எதைச் சம்பாதிப்பது என்று அவர் நினைத்திருக்கலாம். அதே சமயத்தில், போனுக்கு உறை போடுகிற, கண்ணாடி ஒட்டுகிற ஒருவர், வாசல் பக்கத்து இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் என்றால் என் மேசை. இதை அண்ணாச்சி என்னிடம் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லியிருந்தார், அக்கா என்னிடம் சொன்னாள். தீபாவளி வரைக்கும் பார்ப்பது, மேசைக்கு வேலை ஓடினால் சரி, ஓடாவிட்டால் டைப்பிங்கை நிறுத்திவிட்டு ஜெராக்ஸை மட்டும் வைத்துக்கொள்வது. அதுதான் அவர் முடிவு. என் வயதில், பேசத் தெரியாத ஒருவனை வேறு எந்தக் கடையில் சேர்த்துக்கொள்வார்கள்? அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஊருக்குக் கொண்டுபோனேன்.

எங்களுக்குக் கம்ப்யூட்டர் சரிபார்த்துக் கொடுப்பவர் மேலப்பாளையத்துக்காரர். அவரிடம்தான் போய் நின்றேன். அவர் லினக்ஸ் என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், பாதுகாப்பு அப்டேட்டும் ஒழுங்காக வரும். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பழைய டைப்ரைட்டர் முறையில் தமிழ் அடிக்க முடியுமா? முடியும் என்றார். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலையில் வந்து ஏற்றிவிட்டுப் போனார்.

அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. முன்பெல்லாம் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, டீ குடித்து, கடைக்குத் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குப் பூப் போட்டு முடித்தாலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இப்போது ஊதுவத்தி கொளுத்துவதற்குள் எழுந்து உட்கார்ந்தது. விரலை வைத்தேன். ஒவ்வோர் எழுத்தும் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பழைய எழுத்துருவில் அடித்து வைத்த சில கோப்புகள் முதலில் கோழி கிளறிய மாதிரி தெரிந்தன. அந்த எழுத்துருவைப் போட்டதும் அவையும் சரியாகிவிட்டன. பிரிண்டரும் முதல் தடவையே அச்சடித்தது. மேசை தப்பித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஸ்கேனர் ஞாபகமே வரவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். வீட்டில் முன்னால் நடந்த கல்யாணத்தின் பத்திரிகையைக் கொண்டுவந்து, இதே மாதிரி வேண்டும், பேரை மட்டும் மாற்றுங்கள் என்பார்கள். காரணம் இருக்கிறது. யார் பேர் முதலில், யார் பேர் அடுத்து என்று ஏற்கெனவே ஒரு தடவை சண்டை போட்டு முடித்த வரிசை அதில் இருக்கும். இன்னொரு காரணம், மேலே இருக்கும் சாமி படம். அது கடையில் கிடைக்கிற படமாக இருக்காது. எப்போதோ யாரோ கையால் வரைந்து, பிளாக் என்ற அச்சுத் தகடாக்கி அச்சடித்த அவர்களுடைய சாஸ்தாவோ அம்மனோ இருக்கும். வேறு படத்தைப் போட்டால் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் படத்தை ஸ்கேன் செய்து, அழுக்கு நீக்கி, மேலே வைப்பது என் வேலையில் முக்கியமான பாதி.

மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை மூடியதில் மலையிலிருந்து கீழே குடி வந்த ஓர் அம்மா, இளைய மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். கார்த்திகையில் முகூர்த்தம். மூத்த மகளுக்கு அடித்த பத்திரிகையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதன் மேல்பகுதியில், அவர்கள் குடியிருந்த எஸ்டேட் லயன் வீடுகளுக்குப் பக்கத்தில் இருந்த அம்மனின் படம், மெல்லிய கோடுகளில். நான் அதை ஸ்கேனரில் கவிழ்த்து மூடிவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஸ்கேனர் எதுவும் இல்லை என்றது. வயரைப் பிடுங்கி மாட்டினேன். இல்லை என்றது. அணைத்துப் போட்டேன். அப்போதும் அதையே சொன்னது.

அக்கா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓசியில வந்ததுல்லா, அப்படித்தான் இருக்கும். ஒனக்கு ஏத்த சிஸ்டந்தாம்லே தம்பி. ஆளு முன்னால வந்து நின்னா வாயத் தொறக்க மாட்டக்கு."

அந்த அம்மா சிரித்துவிட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. போனில் படம் எடுத்துப் பார்த்தோம். பத்திரிகையின் தங்க நிற ஓரம் வெளிச்சத்தில் பளபளத்தது, நடுவில் என் கையின் நிழல் விழுந்தது, அம்மனின் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மைக்கறை மாதிரி ஆகிவிட்டன. வேறு படம் போடலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் தெரிந்ததுதான். பத்திரிகை உங்களிடமே இருக்கட்டும், இரண்டு நாள் கழித்து வருகிறேன், முடியாவிட்டால் ஜங்ஷன் பக்கம் வேறு கடை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அவர் படியிறங்கவும் அண்ணாச்சி உள்ளே வரவும் சரியாக இருந்தது.

மேலப்பாளையத்துக்காரர் அன்று சாயங்காலமே வந்தார். முதலில் ஸ்கேனர் வயரை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கத்தில் அதே துளையில் ஒரு பென் டிரைவைச் சொருகினார். அது பாதிதான் உள்ளே போனது. கம்ப்யூட்டர் அதையும் கண்டுகொள்ளவில்லை. போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தார். பிறகு மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இது சந்தனம்லா."

ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி, எல்லாச் சாமான்களுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது அக்கா. வருடா வருடம் அவள்தான். ஒவ்வொன்றுக்கும் நெற்றி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. கத்தரிக்கோலுக்கு அதன் கண், ஸ்டேப்ளருக்கு அதன் மண்டை. கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்பக்கம் மேலே, சரியாக அந்தத் துளைகள் இருக்கிற இடம். இந்தத் தடவை சந்தனத்தைக் கொஞ்சம் இளக்கமாகக் குழைத்துவிட்டாள் போல. உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது. நான் மேலே தெரிந்ததைத் துடைத்துவிட்டு, துளைக்குள் பார்க்காமல் வயரை அழுத்திச் சொருகியிருக்கிறேன்.

அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவுக்கு முகம் சின்னதாகிவிட்டது. சாமி காரியத்துக்குச் செய்ததைச் சிரிக்கிறீர்களே என்று ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கரண்டை அணைத்துவிட்டு, ஊசியாலும் பழைய பல் பிரஷ்ஷாலும் சுரண்டி எடுத்தோம். மறுபடி போட்டதும் பென் டிரைவ் அழகாக வந்தது. எனக்கு நெஞ்சு லேசானது. ஆக, குற்றம் சிஸ்டத்தின் மேல் இல்லை. எங்கள் பக்தியின் மேல்தான்.

ஸ்கேனரைச் சொருகினோம். வரவில்லை. பெட்டியின் பின்பக்கம், சந்தனம் எட்டாத துளையில் சொருகினோம். அங்கேயும் வரவில்லை.

மேலப்பாளையத்துக்காரர் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து என்னமோ அடித்தார். ஒரு வரியில் எங்கள் ஸ்கேனரின் பேர் வந்தது. அப்புறம் தன் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து, எந்தெந்த ஸ்கேனர் லினக்ஸில் ஓடும் என்று பார்த்தார். எங்களுடையதற்கு நேரே ஓடாது என்று போட்டிருந்தது.

"கம்ப்யூட்டருக்கு வெளிய ஒரு ஆளு நிக்கது தெரியுது அண்ணாச்சி. ஆளு பேரும் தெரியுது. அவன்கிட்ட எப்படிப் பேசணும்னுதான் தெரியல. இந்த ஸ்கேனரச் செஞ்சவன் அத விண்டோஸுக்கு மட்டும் சொல்லிக் குடுத்திருக்கான், இதுக்குச் சொல்லல. சிஸ்டம் கெடல."

எங்கெங்கோ இருக்கிற ஆட்கள், சம்பளம் இல்லாமல், இப்படிப் பேச்சுத் தெரியாத மெஷின்களுக்கெல்லாம் தாங்களாகவே உட்கார்ந்து பேச்சுக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார்களாம். என் பிரிண்டர் ஓடுவது அப்படி ஒருவர் செய்த புண்ணியமாக இருக்கலாம் என்றார். இந்த ஸ்கேனருக்கு மட்டும் இதுவரை யாரும் உட்காரவில்லை.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். "நீரு சொல்லுதது வெளங்குதுவே. ஆனா பத்திரிகை அடிக்க வந்த பொம்பள திரும்பிப் போயிட்டா. அவகிட்டப் போயி, இது பேசும், அது பேசாதுன்னு சொல்ல முடியுமா? சோலி நடக்கலன்னா கெட்டுப்போச்சுன்னுதான அர்த்தம்?"

மேலப்பாளையத்துக்காரர் வயர்களைச் சுற்றி வைத்தார். லினக்ஸில் ஓடுகிற ஸ்கேனர் ஒன்றைப் பார்த்து வாங்கலாம் என்று மட்டும் சொன்னார். அண்ணாச்சி பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டார் என்று அர்த்தம். போகும்போது என் மேசையையும் வாசலையும் ஒரு தடவை கண்ணால் அளந்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி சொன்னதில் தப்பில்லை. கடைக்கு வந்து நிற்கிறவருக்கு வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. புது விண்டோஸ் எங்கள் கம்ப்யூட்டரில் ஏறாது என்று வந்தபோது, விண்டோஸ் கெட்டுப்போச்சு என்று யாரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்றோம். குறையை எங்கள் பக்கமே வைத்துக்கொண்டோம். லினக்ஸ் எங்கள் ஸ்கேனரைத் தெரியாது என்றதும், லினக்ஸ் கெட்டது என்கிறோம். இரண்டும் ஒரே விஷயம்தானே? ஒன்று இன்னொன்றோடு சேரவில்லை. விலை கொடுத்து வாங்கியதென்றால் நாம் அதற்குத் தக்கபடி மாறப் பார்க்கிறோம். சும்மா வந்ததென்றால் அது நமக்குத் தக்கபடி மாற வேண்டும் என்கிறோம். மணிமூர்த்தீஸ்வரம் தாண்டும்போது இந்த வாக்கியங்கள் எல்லாம் எனக்குள் வரிசையாக வந்து நின்றன. ஆனால் அவற்றை அண்ணாச்சி முன்னால் சொல்வது என்பது வேறு காரியம்.

மறுநாள் நான் போகும்போது அக்கா எனக்கு முன்பே வந்து, ஜெராக்ஸ் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஈரத் துணியும் ஓர் ஈர்க்குச்சியும். இராத்திரி முழுக்க அவளுக்குத் தூக்கம் இல்லையாம். என் கம்ப்யூட்டருக்கு வைத்த அதே சந்தனத்தைத்தானே தன் மெஷினுக்கும் வைத்தோம், அது எந்த ஓட்டையில் இறங்கியிருக்கிறதோ என்ற பயம். முன்னால் ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் ஒரு ரப்பர் மூடி இருந்தது, அதன் மேல் காய்ந்த சந்தனப் பொட்டு. மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, என்னைக் கூப்பிட்டாள்.

"இங்கன வாலே தம்பி. உள்ள போயிருக்கான்னு பாத்துச் சொல்லு. மெக்கானிக்கு வந்தா இதுலதான் என்னமோ சொருகுவான்."

குனிந்து பார்த்தேன். மூடி காப்பாற்றியிருந்தது. உள்ளே சுத்தமாக இருந்தது. ஆனால் நான் பார்த்தது சந்தனம் இருக்கிறதா என்பதை அல்ல. அந்தத் துளையின் வடிவத்தை. அது பென் டிரைவ் சொருகுகிற துளை.

ஜெராக்ஸ் மெஷின் என்றால் காகிதத்தைப் பார்த்து அப்படியே இன்னொரு காகிதத்தில் இறக்குவது. பார்ப்பதற்கு அதற்கும் ஒரு கண்ணாடி, ஒரு வெளிச்சம் இருக்கிறது. பார்த்ததைக் காகிதத்தில் இறக்காமல் பென் டிரைவில் இறக்கினால், என் கம்ப்யூட்டர் எந்த ஸ்கேனரோடும் பேச வேண்டியதே இல்லை. அந்த மெஷின் வந்ததிலிருந்து அந்தத் துளை அங்கேதான் இருந்திருக்கிறது. ஸ்கேன் என்றால் என் மேசை, ஜெராக்ஸ் என்றால் அவள் மெஷின் என்று இருந்ததில், யாரும் அந்த மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

இதைக் கேட்க எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள் என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. அந்த மெஷினிடம் போய் நிற்பதே யாரோ ஒருவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைவது மாதிரி இருந்தது. அக்கா சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது எழுந்து போனேன்.

"அக்கா, அதுல ஒரு பென் டிரைவ் போட்டுப் பாக்கட்டா?"

"எதுலே? எம் மெஷின்லயா?"

"ஆமா."

"நின்னு கின்னு போச்சுன்னா?"

"நிக்காதுன்னுதான் நெனைக்கேன்."

"நெனைக்கியா, தெரியுமா?"

"தெரியாதுக்கா."

பொய் சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள் என்று நினைக்கிறேன். பென் டிரைவை என் கையிலிருந்து வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவளே சொருகினாள். மெஷினின் சின்னத் திரையில் அதுவரை நாங்கள் பார்த்திராத ஒரு கட்டம் வந்தது. மாஞ்சோலை அம்மாவின் பத்திரிகையைக் கண்ணாடியில் கவிழ்த்தேன். எந்தப் பொத்தான் என்று நான் விரலால் காட்ட, அவள் அமுக்கினாள். வெளிச்சம் ஓடியது. காகிதம் எதுவும் வெளியே வரவில்லை. "ஒண்ணையும் காணோமே," என்று அக்கா தட்டைத் தடவிப் பார்த்தாள்.

பென் டிரைவை என் கம்ப்யூட்டரில் போட்டேன். சந்தனம் எடுத்த அதே துளையில்தான். படம் திறந்தது. அம்மனின் சேலை மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனிக் கோடாக இருந்தது. மூக்குத்தியில் புள்ளி இருந்தது. பழைய அச்சில் எங்கோ பிளாக் உடைந்த தழும்பு கூடத் தெரிந்தது. எங்கள் ஸ்கேனர் ஒருநாளும் இவ்வளவு தெளிவாக எடுத்ததில்லை. அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாள். அவள் என் மேசைக்கு வந்து நின்றது அதுதான் முதல் தடவை. எம் மெஷினுக்கு இது தெரியும்னு எனக்கே தெரியாமப் போச்சே என்று மெல்லச் சொன்னாள். குரலில் பெருமை இருந்தது.

சொன்னபடி அந்த அம்மா வந்தார். அன்று அண்ணாச்சியும் கடையில் இருந்தார். பத்திரிகையை அடித்து, மேலே படத்தை வைத்து, ஒரு மாதிரித் தாள் எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடி இல்லாததால் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அம்மன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பேர் வரிசையைத் தனக்குள் முணுமுணுத்துச் சரிபார்த்தார். ஒரு மாமா பேரில் இனிஷியல் மட்டும் தப்பு.

அண்ணாச்சி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அக்கா நடந்ததைச் சொன்னாள். தன் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் கூட்டியே சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"மெஷினு நல்லாருக்கு, சரி. அந்த சிஸ்டம் கெட்டதா கெடலையா, அதச் சொல்லும்."

வழக்கமாக இந்த இடத்தில் நான் தலையை ஆட்டிவிட்டு டீ வாங்கப் போய்விடுவேன். மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"கெடல அண்ணாச்சி. புது விண்டோஸ் நம்ம கம்ப்யூட்டர்ல ஏறாதுன்னு சொன்னப்ப, நாம அதக் கெட்டதுன்னு சொல்லல. நம்ம கம்ப்யூட்டர் பழசுன்னு சொன்னோம். இது அந்தப் பழச எழுப்பி ஓட வச்சிருக்கு. ஒரு ஸ்கேனர மட்டும் எனக்குத் தெரியாதுங்கு. அதுக்குப் போயி ஏன் கெட்டதுன்னு பேரு வைக்கணும்? அந்த ஸ்கேனருக்கு இது ஆகாது, அது உண்மைதான். அத நான் மறைக்கல. ஒத்துவராததும் கெட்டுப்போனதும் ஒண்ணு இல்ல அண்ணாச்சி."

அந்த அம்மாதான் முதலில் பேசினார். தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"எங்கள மேலருந்து எறக்கி விட்டுட்டு, கீழ ஒங்களுக்கு ஒத்து வரலயா, ஒத்து வரலயான்னு எங்கள்ட்டத்தான் கேக்காவ. வெயிலு ஒத்துக்கிடலன்னா ஒடம்புல கோளாறுன்னு சொல்லுதாவ. எங்க ஒடம்புல ஒரு கோளாறும் இல்லய்யா. பழக நாளாவும், அம்புட்டுதான்."

அண்ணாச்சி அவருக்கு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இம்புட்டுப் பேச்ச எங்கனவே வச்சிருந்தீரு?" என்று கேட்டார். அக்கா, எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

அன்று அவர் முடிவு எதையும் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாள் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை அடிக்கும் காலம். ஒரு வீட்டுக்குச் சாஸ்தா, ஒரு வீட்டுக்கு இசக்கியம்மன், பத்திரிகைகள் வந்தன. அக்கா மெஷினில் எடுத்துக் கொடுக்க, நான் இங்கே வைத்து அடித்தேன். அக்கா வருகிறவர்களிடம், இங்க எடுக்க மாதிரி வேற எங்கயும் எடுக்க மாட்டாவ என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். ஒருநாள் மெஷினின் கண்ணாடியை நானே துடைத்து வைத்தேன். அவள் பார்த்துவிட்டு இன்னொரு துணியை எடுத்துக் கொடுத்தாள்.

ஸ்கேனர் சும்மா இருந்தது. அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. அதுவும் கெடவில்லையே. மேலப்பாளையத்துக்காரரிடம் சொன்னேன். பாளையங்கோட்டையில் ஒரு வாத்தியார் வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டர் இருக்கிறது, பிள்ளைகள் வரைகிற படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஸ்கேனர் தேடிக்கொண்டிருக்கிறார் என்றார். வாத்தியார் வாங்கிக்கொண்டு போய் மாட்டியதும் அது சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியதாம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அண்ணாச்சி தன் முடிவைச் சொன்னார். போன் உறைக்காரருக்கு வாசல் இடத்தைக் கொடுத்தாகிவிட்டது. என் மேசை உள்ளே, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் போகிறது. டைப்பிங்கை நிறுத்தப் போவதில்லை. மெஷினில் எடுக்கிறதை அங்கேயே உட்கார்ந்து அடித்துவிடலாம், ஆட்களும் வாசலுக்கும் உள்ளுக்கும் அலைய வேண்டாம் என்றார். வாசல் வெளிச்சம் இல்லாமல் போகிறதே என்று எனக்கு ஒரு குறை. அதைச் சொன்னேன். சொல்ல முடிந்தது. மேசைக்கு மேலே ஒரு டியூப்லைட் போட்டுக் கொடுத்தார்.

மேசையை நகர்த்திய அன்று அக்கா தன் காகிதக் கட்டுகளை எல்லாம் ஒதுக்கி இடம் விட்டாள். பழைய இடத்தில் தரையில் மேசைக் கால்களின் வடு நான்கும் வெள்ளையாகத் தெரிந்தன. சாயங்காலமே போன் உறைக்காரர் தன் கண்ணாடி அலமாரியைக் கொண்டுவந்து அங்கே வைத்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், கலகலப்பானவர். சாமான்களை அடுக்கி முடித்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார். கடைக்கு முன்னால் ஒட்டுவதற்குத் தமிழில் ஒரு போர்டு வேண்டும் என்றார். என்ன எழுத வேண்டும் என்று இன்னும் யோசிக்கவில்லையாம்.

அக்கா டீ குடிக்கப் போயிருந்தாள். அண்ணாச்சியும் இல்லை. பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். என்னென்ன விற்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்தேன். எழுத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, வண்ணம் மாற்றி, பிடித்திருக்கிறதா, பிடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.